ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி

பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி அலமாரியில் அந்தக் கேமராவைப் பார்த்திருப்பீர்கள். நின்றவாக்கில் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். படம் எடுப்பவர் அதைக் கண்ணுக்கு அருகில் தூக்குவதில்லை. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பெட்டியின் மேல்பக்கம் வழியாக உள்ளே பார்ப்பார்.

பார்ப்பவர்களுக்கு உடனே எழும் கேள்வி, இரண்டில் எது படம் எடுக்கிறது என்பது. கீழே இருப்பதுதான். அப்படியானால் மேலே இருப்பது எதற்கு? பார்ப்பதற்கு மட்டும். இந்தப் பதிலோடு பலரும் திருப்தியாகி விடுவார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதற்குள்ளேயே ஒரு சிக்கல் இருப்பது தெரியும். பார்ப்பது ஒரு லென்ஸ், படம் எடுப்பது இன்னொரு லென்ஸ், இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்றால், புகைப்படக்காரர் பார்த்த காட்சியும் ஃபிலிமில் பதிந்த காட்சியும் ஒன்றாக இருக்குமா?

இருக்காது. எவ்வளவு வேறுபடும், எப்போது வேறுபடும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதே இந்த அத்தியாயம். நமக்கு வழிகாட்டப் போவது 1956-57இல் ஜப்பானில் வெளிவந்து, இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ஒரு கேமரா: மாமியாஃபிளெக்ஸ் சி.

ஒன்று பார்க்க, ஒன்று பதிக்க

ஃபிலிமுக்கு இருட்டு வேண்டும். படம் பதியும் அந்த ஒரு நொடித்துணுக்கைத் தவிர மற்ற நேரமெல்லாம் அதன்மேல் துளி வெளிச்சமும் விழக்கூடாது. கண்ணுக்கோ வெளிச்சம் வேண்டும். ஒரே லென்ஸ் ஒரே நேரத்தில் இரண்டையும் கவனிக்க முடியாது.

ஆரம்பகாலப் பெரிய கேமராக்களில் இதற்கு ஒரு பொறுமையான வழி இருந்தது. லென்ஸுக்குப் பின்னால் தேய்த்த கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் விழும் காட்சியைப் பார்த்து ஃபோகஸ் செய்வார்கள். பிறகு லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் படம் பதியும் தகட்டைச் செருகிப் படம் எடுப்பார்கள். தகடு உள்ளே போன பிறகு, எதிரே இருப்பவர் நகர்ந்துவிட்டாலும் கேமரா வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இரட்டை லென்ஸ் கேமரா இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துக் கொடுத்தது. கீழ் லென்ஸுக்குள் ஷட்டர், அதற்குப் பின்னால் ஃபிலிம். மேல் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்ந்த ஒரு கண்ணாடி. அது ஒளியை மேல்நோக்கித் திருப்பி, தேய்த்த கண்ணாடித் திரையில் விழச் செய்கிறது. இரண்டு லென்ஸ்களும் ஒரே குவியத்தூரம் கொண்டவை, அதாவது தொலைவில் உள்ள பொருளின் பிம்பத்தைச் சம தூரத்தில் விழச் செய்பவை. இரண்டும் சேர்ந்தே முன்னும் பின்னும் நகரும். ஆகவே மேல் திரையில் காட்சி தெளிவாகத் தெரிந்தால், கீழே ஃபிலிமிலும் அது தெளிவாக விழும். டி.எல்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேமரா இதுதான்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே இருக்கும் சாய்கண்ணாடி அசைவதே இல்லை. ஷட்டர் திறந்து மூடும் அந்தக் கணத்திலும் புகைப்படக்காரர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கண் இமைத்தாரா, சிரித்தாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இடம் ஏன் வலமாகிறது?

முதன்முதலில் டி.எல்.ஆரைக் கையில் எடுப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். திரையில் காட்சி நிமிர்ந்து இருக்கும், ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஓடும் குழந்தை, திரையில் எதிர்த்திசையில் ஓடும். அதைத் தொடரக் கேமராவைத் திருப்பினால் குழந்தை சட்டத்தைவிட்டே வெளியேறிவிடும்.

காரணம் எளிது. எந்த லென்ஸும் தனக்குப் பின்னால் உருவாக்கும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும், இரண்டு திருப்பங்கள். சாய்ந்திருக்கும் கண்ணாடி அவற்றில் ஒன்றை மட்டுமே, மேல் கீழ் திருப்பத்தை மட்டுமே, சரிசெய்கிறது. இடவலத் திருப்பம் அப்படியே நின்றுவிடுகிறது. கீழ் லென்ஸின் வழியில் கண்ணாடி எதுவும் குறுக்கிடாததால், அச்சிட்ட படத்தில் எல்லாம் அதனதன் பக்கத்தில்தான் இருக்கும். கை பழகப் பழக இந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது.

ஜெர்மனியில் தொடங்கி ஜப்பானில் பெருகியது

கையடக்கமான டி.எல்.ஆருக்கு அடையாளமாக நின்றது ரோலைஃபிளெக்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பவுல் ஃபிராங்கேயும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேயும் நடத்திய நிறுவனம் 1929இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டே ஆண்டுகளில், 1937இல், பின்னாளில் மினோல்ட்டா என்று பெயர்பெற்ற நிறுவனம் ஜப்பானில் மினோல்ட்டாஃபிளெக்ஸை வெளியிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இந்த வகைக் கேமராவுக்குப் பெரிய அலையே எழுந்தது. 1950இல் வந்த மூன்றாம் மாடல் ரிக்கோஃபிளெக்ஸில் இரண்டு லென்ஸ்களின் விளிம்பிலும் பற்சக்கரம் இருக்கும். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். நகரும் முன்பலகை போன்ற செலவான அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை, விலை குறைந்தது. சின்னஞ்சிறு பட்டறைகள்கூட டி.எல்.ஆர். செய்யத் தொடங்கின. அந்தப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஆங்கில நெடுங்கணக்கின் பெரும்பாலான எழுத்துகளுக்கும் ஒரு கேமரா கிடைக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். ஓராண்டு மட்டும் விற்று மறைந்த மாடல்களும் அவற்றில் உண்டு. அரிய ஜப்பானிய டி.எல்.ஆர். என்று இன்று தேடப்படுபவை பலவும் அந்த அலையில் வந்தவையே.

அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைப்போல ஒன்று இருந்தன. மாமியாஃபிளெக்ஸ் சி அப்படி இல்லை.

லென்ஸைக் கழற்றலாம்

மாமியா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாமியா செய்இச்சி, கேமராவின் அடிப்படை ஏற்பாடுகளையே மாற்றிப் பார்க்கத் தயங்காதவர். 1940இல் வந்த அவருடைய முதல் கேமராவான மாமியா-6இல் ஃபோகஸ் செய்ய லென்ஸை நகர்த்த வேண்டியதில்லை. உள்ளே ஃபிலிம் இருக்கும் தளமே முன்பின் நகரும்.

மாமியாஃபிளெக்ஸ் சியில் மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒரே உலோகப் பலகையில் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கம்பி வில்லை விலக்கினால் பலகை ஜோடியாகக் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் வேறு ஜோடியை மாட்டலாம். லென்ஸ் மாற்றக்கூடிய டி.எல்.ஆர். அதற்கு முன்பும் இருந்தது. ஜெர்மனியின் சைஸ் ஐகான் 1935இலேயே கான்டாஃபிளெக்ஸ் என்ற ஒன்றைச் செய்தது. ஆனால் அந்த எண்ணத்தைப் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்ற முழு ஏற்பாடாக வளர்த்தது மாமியாதான். பின்னாளில் 55 மி.மீ. முதல் 250 மி.மீ. வரை லென்ஸ் ஜோடிகள் கிடைத்தன.

லென்ஸைக் கழற்றினால் ஃபிலிமில் வெளிச்சம் விழாதா? விழும், ஏனென்றால் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸோடு அதுவும் போய்விடும். அதனால் பெட்டிக்குள் ஒரு தடுப்பு வைத்தார்கள். பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பினால் அந்தத் தடுப்பு எழுந்து ஃபிலிமை மறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் லென்ஸைக் கழற்ற முடியும்.

இரண்டாவது மாற்றம் துருத்தி. மடிப்பு மடிப்பான கறுப்புத் துருத்தி ஒன்று பெட்டிக்கும் லென்ஸ் பலகைக்கும் நடுவே இருந்தது. வழக்கமான டி.எல்.ஆர். கேமராக்கள் சுமார் ஒரு மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. லென்ஸை முன்னே தள்ளத் தள்ள அருகிலுள்ள பொருள் தெளியும் என்பதால், நீளமாக விரியும் துருத்தி கொண்ட மாமியா பொருளை மிக நெருங்க முடிந்தது.

நெருங்கியபோதுதான், நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி பூதாகரமாக எழுந்தது.

ஒரு விரல், இரண்டு காட்சி

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடுங்கள். பின்சுவரோடு ஒப்பிட்டால் விரல் பக்கவாட்டில் தாவுவது தெரியும். விரலை மூக்கருகே கொண்டுவந்து செய்தால் தாவல் பெரிதாகும். தெருக்கோடியில் இருக்கும் மரத்தைப் பார்த்துச் செய்தால் மரம் கிட்டத்தட்ட அசையாது.

பார்க்கும் இடம் மாறும்போது பொருளின் தோற்ற இடமும் மாறுவதை இடமாறு தோற்றம் என்கிறோம். நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரம். மாமியாவின் இரு லென்ஸ்களின் மையங்களுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர். நம் கண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கேமராவின் கண்கள் மேலும் கீழுமாக. மற்றபடி இரண்டிலும் நடப்பது ஒன்றே.

ஒரு மரப்பொம்மையைப் படம் எடுப்போம்

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தோஹொக்குவில் கொக்கேஷி என்ற மரப்பொம்மைகளைக் கடைந்து செய்வார்கள். கை கால் இல்லாத உருளை உடல், அதன்மேல் உருண்டைத் தலை, மெல்லிய கோடுகளால் வரைந்த கண்ணும் மூக்கும். அப்படி 20 செ.மீ. உயரமுள்ள ஒரு பொம்மையை 80 மி.மீ. லென்ஸ் மாட்டிய மாமியாவில் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிலிமில் விழும் படம் சதுரம், பக்கம் 5.6 செ.மீ.

முதலில் கேமராவைப் பத்து மீட்டர் தள்ளி வைப்போம். அந்தத் தொலைவில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமுள்ள காட்சி சட்டத்துக்குள் அடங்கும். கீழ் லென்ஸ் 5 செ.மீ. தாழ்ந்திருப்பதால் அது காணும் காட்சியும் 5 செ.மீ. தாழ்ந்திருக்கும். 7 மீட்டரில் 5 செ.மீ. என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மீட்டருக்கு வருவோம். இப்போது சட்டத்துக்குள் அடங்குவது சுமார் 64 செ.மீ. அதே 5 செ.மீ., இப்போது பதின்மூன்றில் ஒரு பங்கு. கவனமில்லாமல் எடுத்தால் தலைக்கு மேலே விட்ட இடம் குறைந்திருக்கும், படம் கெட்டுப்போகாது.

இனி லென்ஸிலிருந்து 40 செ.மீ. வரை நெருங்குவோம். துருத்தி இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விரிந்திருக்கிறது. சட்டத்துக்குள் அடங்குவது 22.4 செ.மீ. மட்டுமே. திரையில் பொம்மை அழகாக நடுவில் நிற்கிறது. தலைக்கு மேலே 1.2 செ.மீ., அடியில் 1.2 செ.மீ. இடம். ஷட்டரை அழுத்துகிறோம்.

கீழ் லென்ஸ் பார்க்கும் சட்டத்தின் மேல்விளிம்பு 5 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. அதில் 1.2 செ.மீ. வெற்றிடத்தில் போகிறது, மிச்சம் 3.8 செ.மீ. பொம்மையின் தலையில் வெட்டு விழுகிறது. திரையில் முழு முகமும் தெரிந்தது. கழுவி எடுத்த ஃபிலிமில் நெற்றியே இல்லை. அடியில் மட்டும் வேண்டாத மேசைப் பரப்பு நீண்டு கிடக்கிறது.

மூன்று தொலைவிலும் லென்ஸ்களின் இடைவெளி மாறவே இல்லை. எப்போதும் 5 செ.மீ.தான். அந்த 5 செ.மீ.க்கு எதிரே நிற்கும் காட்சிதான் 7 மீட்டரிலிருந்து 22 செ.மீ. ஆகச் சுருங்கியது.

சாய்த்தால் போதாதா?

இதற்கு எளிய வழி ஒன்று உடனே தோன்றும். மேல் லென்ஸின் பார்வையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால்? இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்குமே! ரோலைஃபிளெக்ஸ் நிறுவனம் அருகுப் படங்களுக்கு விற்ற துணை லென்ஸ்களோடு, மேல் லென்ஸுக்கென ஒரு பட்டகத்தை, அதாவது ஆப்பு வடிவக் கண்ணாடியைச் சேர்த்தது இதற்காகத்தான். திரையின் கீழே ஒரு சட்டத்தை நகர்த்தி, ஃபிலிமில் விழப்போகும் எல்லையைக் காட்டும் ஏற்பாடும் அவர்களிடம் இருந்தது. மாமியாவின் பிந்தைய சி33, சி330 மாடல்களில், நெருங்க நெருங்கத் திரையில் ஒரு குறி இறங்கி வந்து, இதற்கு மேலே உள்ளது படத்தில் வராது என்று காட்டியது.

இவையெல்லாம் எல்லையைச் சரிசெய்கின்றன. பார்க்கும் இடத்தை மாற்றுவதில்லை. நம் பொம்மைக்கு இன்னொரு 40 செ.மீ. பின்னால், அதாவது லென்ஸிலிருந்து 80 செ.மீ. தொலைவில், ஒரு சிறு பூஞ்செடி இருக்கட்டும். மேல் லென்ஸிலிருந்து பார்க்கும்போது பொம்மையின் உச்சிக்கு மேலே பூ தெரிகிறது. கீழ் லென்ஸ் 5 செ.மீ. தாழ்விலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. அதன் பார்வையில் பொம்மையின் தலை எழும்பி, பின்னால் இருக்கும் செடியில் இன்னும் 5 செ.மீ.யை மறைத்துவிடும். திரையில் கண்ட பூ படத்தில் இல்லாமலே போகலாம். பட்டகம் வைத்தாலும் சட்டத்தை நகர்த்தினாலும் இது மாறாது. எது எதை மறைக்கும் என்பதைத் தீர்மானிப்பது கண் இருக்கும் இடம் மட்டுமே.

ஆக முழுமையான தீர்வு ஒன்றுதான். பார்த்த கண் எங்கே இருந்ததோ, அதே இடத்துக்குப் பதிக்கும் கண் வர வேண்டும்.

மாமியா அதைத்தான் செய்தது. முக்காலிக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்த பாராமெண்டர் என்ற ஒரு துணைக்கருவியை விற்றது. மேல் லென்ஸ் வழியாகப் பார்த்து, ஃபோகஸ் செய்து, பூவும் பொம்மையும் வேண்டியபடி அமைந்ததும், பாராமெண்டரை இயக்கினால் கேமரா முழுவதும் நேர்செங்குத்தாக உயரும். எவ்வளவு? சரியாக 50 மி.மீ. மேல் லென்ஸ் இருந்த அதே புள்ளியில் இப்போது கீழ் லென்ஸ் நிற்கிறது. அழுத்தினால், கண்ட காட்சி அப்படியே ஃபிலிமில்.

இதில் கணக்கு போட வேண்டியதில்லை. பொருள் 40 செ.மீ.யில் இருந்தாலும் ஒரு மீட்டரில் இருந்தாலும் உயர்த்த வேண்டியது அதே 50 மி.மீ. எந்த லென்ஸ் ஜோடியை மாட்டினாலும் அதேதான். பிழை தொலைவுக்குத் தொலைவு மாறியதாகத் தோன்றினாலும், அதன் வேர் மாறாத ஒரே நீளத்தில் இருந்தது. அந்த வேரைப் பிடித்துச் சரிசெய்ததால் எல்லாத் தொலைவுகளுக்கும் ஒரே தீர்வு போதுமானதாயிற்று.

பொருள் அசையக்கூடாது, முக்காலி வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் இருந்தது. பூவுக்கும் பொம்மைக்கும் அது பெரிய குறையில்லை. ஓடும் குழந்தையை இந்த வழியில் எடுக்க முடியாது; ஆனால் அதை யாரும் 40 செ.மீ.யிலிருந்து எடுக்கப் போவதில்லை.

ஏன் அரிதாயிற்று?

1954இல் ஜப்பானிலேயே ஆசாஹிஃபிளெக்ஸின் ஒரு மாடல், படம் எடுத்ததும் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பும் கண்ணாடியோடு வந்தது. ஒரே லென்ஸ் வழியாகப் பார்க்கவும் பதிக்கவும் செய்யும் ஒற்றை லென்ஸ் கேமராவின் பெரிய குறை, படம் எடுத்ததும் காட்சி இருண்டுவிடுவது, அதோடு நீங்கியது. 1959இல் நிக்கான் எஃப் என்ற ஒற்றை லென்ஸ் கேமரா வந்தது. பார்ப்பதும் பதிப்பதும் ஒரே லென்ஸ் என்றால் இடமாறு தோற்றத்துக்கே வேலையில்லை. இரட்டை லென்ஸ் அலை வேகமாக வடிந்தது.

சதுரமான பெரிய ஃபிலிமும், லென்ஸ் மாற்றும் வசதியும், அருகுப் படமும் தேவைப்பட்ட தொழில்முறைக் கலைஞர்கள் மட்டும் மாமியாவை விடவில்லை. 1969இல் வந்த சி330யும் அதன் வழித்தோன்றல்களும் 1990கள் வரை நின்றன. ஆனால் முதல் மாமியாஃபிளெக்ஸ் சி சில ஆண்டுகளே விற்பனையில் இருந்தது. இன்று அதன் துருத்தி கிழியாமல், லென்ஸில் பூஞ்சை படராமல் கிடைப்பது அரிது.

அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். இருட்டறையில் துருத்திக்குள் ஒரு சிறு டார்ச் விளக்கை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். மடிப்பின் மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அது ஒவ்வொரு படத்திலும் புகைமூட்டமாகப் பதியும். அடுத்து, பின்கதவைத் திறந்து ஃபிலிம் ஓடும் தண்டவாளங்கள் மீது தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்துங்கள். மேல் திரையில் தெளிவாகத் தெரியும் பொருள் இந்தக் கண்ணாடியிலும் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் இரண்டு கண்களுக்கும் ஒற்றுமை குலைந்திருக்கிறது. தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சீர்செய்யாமல் ஃபிலிம் போட வேண்டாம்.

பிழையே அளவுகோலாக

புகைப்படக்காரருக்குத் தொல்லையாக இருந்த இதே இடமாறு தோற்றம்தான் வானியலாளர்களுக்கு நட்சத்திரத் தொலைவைக் கொடுத்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் நாம் ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு இடங்களிலிருந்து வானத்தைப் பார்க்கிறோம். 1838இல் ஃபிரீட்ரிக் பெசல், அன்னத் தொகுதியிலுள்ள 61 சிக்னி என்ற விண்மீனின் மிகச் சிறிய தாவலை அளந்து, அதன் தொலைவைக் கணக்கிட்டார். அது சுமார் 11 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

உங்கள் கைபேசியின் முதுகில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரு கேமராக்களும் இதையே செய்யக்கூடியவை. இரண்டும் ஒரே முகத்தைச் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து பார்க்கின்றன. எந்தப் பகுதி அதிகம் தாவியது, எது குறைவாகத் தாவியது என்று ஒப்பிட்டு, முகம் அருகில், சுவர் தூரத்தில் என்று கைபேசி முடிவு செய்கிறது. பின்னணியை மங்கலாக்கிக் காட்டுவது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

மாமியாவில் தொலைவு தெரியும், தாவல் தொல்லையாயிற்று. பெசலுக்குத் தாவல் தெரிந்தது, தொலைவு கிடைத்தது. இரண்டிலும் பிடிமானமாக நின்றது ஒன்றே: இரு பார்வைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஐயமில்லாமல் அறிந்திருந்தது. ஒரு பிழை எங்கிருந்து வருகிறது, அதன் அளவு என்ன என்று தெரிந்துவிட்டால், அதை நீக்கவும் முடியும், அதைக்கொண்டு அளக்கவும் முடியும்.